தப்தரிலிருந்து டேட்டாபேஸ் வரை



உங்கள் இல்லத்துப் பிள்ளை கல்லூரியில் கணிப்பொறிப் படிப்பில் சேர்ந்திருந்தால், அவனுடைய பாடப் பட்டியலில் 'டி.பி.எம்.எஸ்.' என்றொரு பெயரைக் காண்பீர்கள். 'டேட்டாபேஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம்ஸ்' என்பதன் சுருக்கம் அது. தமிழில் தரவுத்தள மேலாண்மை என்பர். பி.சி.ஏ., பி.எஸ்ஸி. கணிப்பொறியியல், பி.டெக். ஆகிய எந்தப் பிரிவாயினும் இப்பாடத்தைக் கடவாமல் பட்டம் பெறுவது அரிது. 'நமக்கு விளங்காத ஏதோ இயந்திர வித்தை' என்று பெற்றோர் பலர் ஒதுங்கி விடுகின்றனர். ஆனால், நம் வீட்டிலும் மஹல்லாவிலும் தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் ஒரு வேலையின் விரிவே இப்பாடம். பதிவேடு எழுதுவதே அவ்வேலை.

அதில் என்ன கற்பிக்கப்படுகிறது, அதனால் குடும்பத்திற்கு விளையும் பயன் என்ன என்பதைச் சற்றே நிதானமாகக் காண்போம்.

எல்லைக்கோட்டில் இரு பதிவேடுகள்

புதுவை நகரின் வட பகுதியில் அமைந்திருப்பது முத்தியால்பேட்டை. நெசவாளர்கள் வாழ்ந்த பழைய குடியிருப்பு. அங்கிருந்து வடக்கே சென்றால் கோட்டக்குப்பம் வந்துவிடும். முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் அவ்வூர் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று அந்த எல்லையைக் கடப்பவர் அதனைக் கவனிப்பதுகூட இல்லை. ஆனால், 1947 வரை அந்த எல்லையின் ஒரு புறம் பிரெஞ்சு ஆட்சியும் மறு புறம் ஆங்கிலேயர் ஆட்சியும் நிலவின. நாடு விடுதலை பெற்ற பின்னரும் 1954 நவம்பர் 1 வரை புதுவை பிரெஞ்சு நிர்வாகத்திலேயே இருந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அண்ணன் எல்லைக்கு இப்பாலும் தம்பி அப்பாலும் குடியிருந்தால், அவர்களுடைய பிள்ளைகளின் பிறப்பு இரு வேறு அரசுகளின் ஏடுகளில், இரு வேறு மொழிகளில் பதிவாயிற்று. பிரெஞ்சு எழுத்து முறையில் 'உ' என்ற ஒலிக்கு 'ஓ', 'யு' ஆகிய இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவர். ஆங்கிலத்தில் 'யு' ஒன்றே போதும். 'ஷ' ஒலிக்குப் பிரெஞ்சில் 'சி', 'எச்'. ஆங்கிலத்தில் 'எஸ்', 'எச்'. ஆகவே அப்துல் என்னும் பெயர் இப்பால் ஆறு எழுத்துகளாகவும் அப்பால் ஐந்து எழுத்துகளாகவும் அமைந்தது. ஷேக் என்னும் பெயரின் முதல் எழுத்தே மாறிப் போயிற்று.

ஒலியில் ஒன்றாக இருப்பது ஏட்டில் இரண்டாகிவிட்டது. இதனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். 1962இல் நடைமுறைக்கு வந்த இணைப்பு ஒப்பந்தத்தின்படி, புதுவை மக்களில் ஒரு பகுதியினர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் தம் உரிமையை நிலைநாட்ட வேண்டுமாயின், பாட்டனாரின் பிறப்புப் பதிவும் அவருடைய திருமணப் பதிவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அந்நிய மண்ணில் எழுதப்பட்ட பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகளுக்கென்றே பிரான்சின் நாந்த் நகரில் 1965இல் ஒரு நடுவண் அலுவலகம் நிறுவப்பட்டது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும், 'இவரும் அவரும் ஒருவரே' என்று மெய்ப்பிக்கும் சுமை குடும்பத்தின் தலையில் விழுகிறது.

ஒரு மனிதரை ஏட்டில் எவ்வாறு ஐயமின்றி அடையாளம் காண்பது? டேட்டாபேஸ் பாடத்தின் முதல் கேள்வியும் இதுதான்.

பாவும் ஊடையும்

பாடத்தின் அடிப்படை 'டேபிள்' எனப்படும் அட்டவணை. மேலிருந்து கீழாகச் செல்வது ஒரு பண்பு: பெயர், பிறந்த தேதி, தெரு. இடமிருந்து வலமாகச் செல்வது ஒரு மனிதரின் முழு விவரம். பாவும் ஊடையும் குறுக்கிடும் இடத்தில் துணி உருவாவதுபோல், இவ்விரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு செய்தி அமர்கிறது.

நெசவுக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவு உவமையோடு நின்றுவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்ட், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூ வேலைப்பாடு தானாக அமையுமாறு செய்தார். அட்டைத் துளையில் செய்தியைப் பதித்து வைக்கும் அதே வழிமுறையை ஹெர்மன் ஹோலரித் என்பவர் 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற்குப் பயன்படுத்தினார். அவருடைய நிறுவனம் வேறு நிறுவனங்களுடன் இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயரை ஏற்றது. அதே ஐ.பி.எம்.மில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர் 1970இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இன்றைய டேட்டாபேஸ் பாடத்தின் அஸ்திவாரம்.

காட் கூறியதன் சாரம் எளியது. செய்தி கணிப்பொறியின் எந்த மூலையில், எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயன்படுத்துவோர் அறிய வேண்டியதில்லை. செய்திகளை எளிய அட்டவணைகளாகக் காட்டினால் போதும். என்ன வேண்டும் என்று கேட்டால், தேடும் வழியை இயந்திரமே கண்டுகொள்ள வேண்டும். இக்கருத்திற்காக அவருக்கு 1981இல் கணிப்பொறித் துறையின் உயரிய டூரிங் விருது வழங்கப்பட்டது. காட்டின் கருத்தைப் பின்பற்றிக் கேள்வி கேட்பதற்கான மொழியொன்றை 1974இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் ஆகிய இருவர் வகுத்தனர். இன்று உலகெங்கும் வழங்கும் எஸ்.க்யூ.எல். அதுவே.

ஜமாஅத் ஏட்டைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்

நூலில் உள்ள இலக்கணங்களைவிட, நமக்குப் பழகிய ஒரு பதிவேட்டைக் கொண்டு பார்ப்பது எளிது. ஒரு மஹல்லாவின் குடும்பச் சந்தாப் புத்தகத்தையும் நிக்காஹ் தப்தரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, 'பிரைமரி கீ' எனப்படும் முதன்மை அடையாளம். ஒரே மஹல்லாவில் முஹம்மது யூசுப் என்ற பெயரில் பலர் இருப்பர். தந்தை பெயரைச் சேர்த்தாலும் ஒன்றாக அமைந்துவிடக் கூடும். கதவு எண்ணைக் கொள்ளலாம் என்றால், ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் வாழ்கின்றன. ஆகவே, எக்காலத்தும் மாறாத, வேறெவருக்கும் தரப்படாத ஓர் எண் தேவை. ரேஷன் அட்டைக்கும் வங்கிக் கணக்கிற்கும் எண் இருப்பதும், ஆதாருக்கு 12 இலக்கங்கள் இருப்பதும் இக்காரணம் பற்றியே.

இரண்டாவது, 'ஃபாரின் கீ'. நம் ஊரில் வேற்றூர் மாப்பிள்ளைக்கு நிக்காஹ் நடத்த வேண்டுமானால், அவருடைய ஊர் ஜமாஅத்தின் கடிதத்தைக் கேட்கிறோம். 'இவர் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர்' என்று அங்குள்ள ஏடு சாட்சி சொன்ன பின்னரே இங்குள்ள தப்தரில் பெயர் ஏறுகிறது. ஓர் அட்டவணையில் எழுதப்படும் பெயர், மற்றோர் அட்டவணையில் உண்மையாகவே இருந்தாக வேண்டும் என்பதே இவ்விதி. கடிதமில்லாமல் நிக்காஹ் எழுத மறுக்கும் முத்தவல்லியைப் போல, ஆதாரமில்லாத பதிவை டேட்டாபேஸும் ஏற்க மறுக்கும்.

மூன்றாவது, 'நார்மலைசேஷன்' எனப்படும் ஒழுங்குபடுத்தல். மாணவர் பலர் அஞ்சும் பகுதி இது. ஆயினும் அதன் உட்கருத்து நம் வீட்டுப் பெண்களுக்கே தெரிந்ததுதான்: ஒரு பொருளை ஓரிடத்தில் மட்டும் வை. சந்தாப் புத்தகத்தில் ஒவ்வொரு மாத வரவின் எதிரிலும் குடும்பத் தலைவரின் முகவரியைத் திரும்பத் திரும்ப எழுதி வருவதாகக் கொள்வோம். அவர் வேறு தெருவுக்குக் குடிபெயர்ந்தால் பன்னிரண்டு இடங்களில் திருத்த வேண்டும். பதினோரு இடங்களில் திருத்தி ஒன்றை மறந்தால், ஏடு தனக்குத்தானே முரண்படுகிறது. அவருடைய பழைய வரவுக் கணக்கையெல்லாம் கிழித்தெறிந்தால், அப்படியொரு குடும்பம் இருந்த செய்தியும் சேர்ந்தே மறைந்துவிடும். முகவரிக்கு ஓர் ஏடு, வரவுக்கு ஓர் ஏடு, இரண்டையும் இணைக்க ஒரு குடும்ப எண் என்று பிரித்துவிட்டால் இரு தீங்குகளும் நீங்குகின்றன.

இரு கைகள், ஓர் இருக்கை

பாடத்தின் அடுத்த பகுதி 'டிரான்சாக்ஷன்'. கைப்பேசி வழியாக 500 ரூபாய் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் தொகை கழிந்த அந்நொடியில் மின்சாரம் போய்விட்டது. பெறுபவர் கணக்கில் ஏறவில்லை. பணம் எங்கே? கழித்தலும் கூட்டலும் சேர்ந்து ஒரே செயல். ஒன்று, இரண்டும் நடந்தேற வேண்டும். அன்றேல், இரண்டும் நடவாததாக ஆக வேண்டும். பாதியில் நிற்பது கூடாது. ஒவ்வோர் அடியையும் முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, இடையூறு நேர்ந்தால் அக்குறிப்பைப் பார்த்து அரைகுறைச் செயலைத் திருப்பிவிடும் வழியை இப்பாடம் கற்பிக்கிறது. இத்துறையில் ஆற்றிய பணிக்காக ஜிம் கிரே என்னும் அறிஞர் 1998இல் டூரிங் விருது பெற்றார்.

இரயில் முன்பதிவு மற்றொரு சான்று. பெருநாளுக்கு முன்னர் ஒரே இருக்கையை விழுப்புரத்தில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே நொடியில் கேட்கின்றனர். இருவருக்கும் 'காலியாக உள்ளது' என்றே திரை காட்டுகிறது. எனினும் ஒருவருக்கே இருக்கை கிட்ட வேண்டும். ஒருவர் கை வைத்தவுடன் மற்றவர் காத்திருக்குமாறு அந்தப் பதிவைப் பூட்டி வைக்கும் முறையால் இது ஒழுங்காகிறது. நம் நாட்டில் கணிப்பொறி வழி முன்பதிவு 1985இல் டில்லியில் சோதனை முறையில் தொடங்கிற்று. 2002இல் இணையத்திற்கும் வந்தது.

இறுதியாக, தேடும் விரைவு. 1,00,000 பெயர்கள் ஒழுங்கின்றிக் கிடந்தால், ஒரு பெயரைக் கண்டறிய அத்தனையையும் பார்க்க நேரலாம். அகர வரிசையில் அடுக்கி, நடுவில் திறந்து, 'முன்னா, பின்னா' என்று பாதி பாதியாக ஒதுக்கிச் சென்றால் 17 முறை ஒப்பிடுவதற்குள் கிடைத்துவிடும். 'இண்டெக்ஸ்' என்னும் பகுதியின் பயன் இதுவே.

பெயரை இரண்டாகப் பிளக்கும் கட்டம்

வாசகர்களே, இதுவரை கண்டவை பாடம். இனி நம் வாழ்க்கையைத் தொடும் பகுதிக்கு வருவோம்.

ஒரு படிவத்தில் எத்தனை கட்டங்கள் வைப்பது என்று முடிவெடுப்பவர் யார்? எங்கோ அமர்ந்து டேபிளை வடிவமைத்த ஒருவர். மேலை நாட்டு வழக்கப்படி பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம் என்று அவர் வகுத்துவிட்டார். தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பில் இடுவதே வழக்கம். அக்கட்டத்தில் என்ன எழுதுவது? ஒருவர் காலியாக விடுகிறார். ஒருவர் முதலெழுத்தை இடுகிறார். ஒருவர் தந்தையின் முழுப் பெயரை எழுதுகிறார். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று என்று ஒரே பிள்ளை மூவராகி விடுகிறது.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர் சுற்றுலா, விசிட் விசாக்களில் நுழைய இயலாது என்றது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பின்னரே வந்தது. வளைகுடாவில் பிள்ளைகளையும் கணவரையும் வைத்திருக்கும் குடும்பங்கள் அந்நாட்களில் அடைந்த கலக்கத்திற்கு, ஓர் அட்டவணையில் நிரப்பாமல் விட்ட ஒரு கட்டம் காரணமாயிற்று.

இன்னொன்றையும் இளம் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்திற்கு 2023இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளிலும் அதன் பின்னரும் பிறந்த பிள்ளைகளுக்கு, பிறந்த தேதியையும் இடத்தையும் மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழே ஆவணம். பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, கடவுச்சீட்டு ஆகியவற்றுக்கெல்லாம் அதுவே அடிப்படை. நாடு முழுவதற்குமான பிறப்பு, இறப்பு டேட்டாபேஸ் ஒன்றைப் பேணவும் அத்திருத்தம் வகை செய்கிறது. முன்பெல்லாம் பள்ளிச் சான்றிதழைக் காட்டிச் சமாளித்த நிலை இப்பிள்ளைகளுக்கு இராது.

ஆகவே கீழ்க்காண்பனவற்றைக் குடும்பத்தில் கடைப்பிடியுங்கள்:

1. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். பெயர் அப்போது முடிவாகவில்லை எனில், 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும் அதன் பின்னர் 15 ஆண்டுகள் வரை கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்க விதிகள் இடமளிக்கின்றன.

2. பெயரை வைக்கும்போதே அதன் ஆங்கில எழுத்துகளையும் முடிவு செய்து, வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். முஹம்மது என்பதை எத்தனை விதமாக எழுதலாம் என்பதை நீங்களே அறிவீர்கள். அவற்றுள் ஒன்றைத் தெரிந்து, எல்லா இடத்திலும் அதனையே எழுதுங்கள்.

3. குடும்பப் பெயர்க் கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதுவதாயின், முழுமையாக எழுதுங்கள். முதல் குழந்தைக்கு ஒரு விதம், இரண்டாம் குழந்தைக்கு வேறு விதம் என்று மாற்றாதீர்கள்.

4. பிழை கண்டால் மூல ஆவணத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழைத் திருத்தாமல் அதன் வழி வந்தவற்றை மட்டும் திருத்துவது, ஊற்றை விட்டுக் கால்வாயைத் தூர்வாருவதற்கு ஒப்பாகும்.

யார் பார்க்கலாம்?

இப்பாடத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி, அனுமதி வழங்குதல். எந்த அட்டவணையை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யாருக்கு எந்தப் பகுதியை மறைக்க வேண்டும் என்பதை டேட்டாபேஸில் விதியாக எழுதி வைக்க இயலும். சந்தா வசூலிப்பவர் பெயரையும் தொகையையும் காணலாம். ஒரு பெண்ணின் தலாக் விவரத்தையோ, ஜகாத் பெற்ற ஏழைக் குடும்பத்தின் பெயரையோ அவர் காண வேண்டியதில்லை.

இன்று மஹல்லாக்கள் பலவும் தம் ஏடுகளைக் கணிப்பொறியில் ஏற்ற விரும்புகின்றன. வரவேற்க வேண்டிய முயற்சியே அது. உதவித்தொகைக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத பிள்ளைகள் யார், தனித்து வாழும் முதியோர் எத்தெருவில் உள்ளனர் என்பன போன்ற கேள்விகளுக்கு அது நொடியில் விடை தரும். ஆயினும், எல்லாருடைய கைப்பேசி எண்ணும் பெண்பிள்ளைகளின் வயதும் அடங்கிய பட்டியலை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவதற்குப் பெயர் நிர்வாகமன்று. பீரோவில் பூட்டி வைத்த தப்தருக்கு இருந்த மரியாதை கணிப்பொறி ஏட்டிற்கும் இருக்க வேண்டும். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தம்மைப் பற்றிய தகவலைத் திருத்தவும் நீக்கவும் கோரும் உரிமையைக் குடிமக்களுக்கு வகுத்துள்ளது.

எங்கே, எப்படிக் கற்பது?

முத்தியால்பேட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், பிள்ளைச்சாவடியில் 1984இல் தொடங்கிய புதுவைப் பொறியியற் கல்லூரி, 2020 முதல் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. அதனையும் கடந்தால் காலாப்பட்டில் 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம். நகரிலேயே அரசு மகளிர் கல்லூரியும் உண்டு. வீட்டைவிட்டு வெகு தொலைவு பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோர்க்கும் வழி அடைபட்டிருக்கவில்லை.

கல்லூரிக்குச் செல்ல இயலாத சகோதரிகளும் கற்கலாம். ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டத்தில் இப்பாடத்தின் விரிவுரைகளைக் கட்டணமின்றிக் காணலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பிலும் இப்பாடம் இடம்பெற்றுள்ளது. பயிற்சிக்கான மென்பொருளுக்கும் செலவில்லை. போஸ்ட்கிரெஸ், எஸ்.க்யூ.லைட் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தொடர்பு எண்கள் அடுக்கப்பட்டிருப்பதும் எஸ்.க்யூ.லைட் டேபிள்களில்தான்.

உலகக் கல்லூரிகள் பலவற்றில் பாடநூலாக விளங்கும் 'டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ்' நூலின் ஆசிரியர் மூவருள் ஒருவரான சுதர்சன், மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர், இளநிலைப் பட்டத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யில் பெற்றவர். இத்துறையின் மற்றொரு புகழ்பெற்ற பாடநூலை எழுதிய ரகு ராமகிருஷ்ணனும் அங்குப் பயின்றவரே. நம் மண்ணில் பயின்றவர் எழுதிய நூலை அமெரிக்க மாணவர் படிக்கின்றனர் என்பதை உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. இந்த ஒரு தாளில் தேறியதால் மட்டும் வேலை கிட்டிவிடாது. தேர்வுக்கென விடைகளை மனனம் செய்தவர் நேர்முகத்தில் திணறுவது கண்கூடு. ஒரு சிறு டேட்டாபேஸையாவது தானே வடிவமைத்துப் பழகியவரே இதனைக் கற்றவர். அதற்குக் களம் தேடி அலைய வேண்டியதில்லை. உறவினரின் மளிகைக் கடைக் கடன் கணக்கு, தையல் வகுப்பின் மாணவியர் பட்டியல், மஹல்லா நூலகத்தின் இரவல் ஏடு என்று எதனையேனும் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் மகன் அல்லது மகளின் கையில் இப்பாடநூல் இருக்குமானால், ஒரு விடுமுறை நாளில் அருகில் அமர்த்தி, வீட்டிலுள்ள எல்லாருடைய சான்றிதழ்களையும் முன்னே வையுங்கள். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகிய மூன்றும் எங்கெங்கே ஒத்துள்ளன, எங்கெங்கே வேறுபடுகின்றன என்று ஓர் அட்டவணை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அது முதல் செய்முறைப் பயிற்சி. கடவுச்சீட்டுக்கோ கல்லூரிச் சேர்க்கைக்கோ அவசரம் வரும் முன்னரே பிழையைக் கண்டு திருத்த உங்களுக்கும் அது வாய்ப்பு. அட்டவணையின் இறுதியில், திருத்த வேண்டிய ஆவணம் எது, செல்ல வேண்டிய அலுவலகம் எது என்று இரு கட்டங்களைச் சேர்க்க மறவாதீர்கள்.